சொல்லி அனுப்பாத பதில்

வியாழன், ராத்திரி.

காலையில் சின்னசேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் பாதித் தூக்கம். தூரத்தில் கல்வராயன் மலை மேகத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. வேலை தேடும் ஆப்பில் ஒரு கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட், தொடர்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. போட்டோவைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர். "போயி சொல்லி அனுப்புறோங்க" என்று அவர் அம்மா கிளம்பினதுதான், இன்றுவரை பதில் இல்லை. போன் அடித்தாலே எங்க அம்மா ஓடினாள், மாசக்கணக்கில்.

பக்கத்து சீட்டிலிருந்து, கூட வேலை பார்க்கும் ரேவதி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, அந்த ஆளா? வேணாம்னு அமுக்கு. நீ அமுக்குனது அவனுக்குத் தெரியவே தெரியாது."

அமுக்கினேன். மலை அது பாட்டுக்குக் கூடவே மிதந்து வந்தது.

இப்போது படுத்துக் கண்ணை மூடினாலும் பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. பதில் வரும் என்று அவரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும்.