மீன் இல்லாத தொட்டிக்கு இரை

மார்ச் 3, திங்கள்

கூடத்தில் என் நாற்காலி இருந்த இடத்தில் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகள் காலையிலிருந்து கூழாங்கல்லை அலசி அலசிக் கொட்டினாள். தண்ணீர் நிரப்பி, பில்டரையும் ஓடவிட்டாள். மீன் எங்கே என்றேன். "இப்ப இல்ல அத்தை. அஞ்சாறு வாரம் ஆகும்," என்றாள். மீன் வாங்காமல் தொட்டி வாங்குவார்களா? என்னவோ இருக்கிறது.

மார்ச் 4

இல்லாத மீனுக்கு இரை போடுகிறாள். தினமும் ஒரு சிட்டிகை. அது அழுகி அம்மோனியா வருமாம். அம்மோனியாவைத் தின்கிற கிருமிகள் பில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் குடியேறுமாம். அதற்கப்புறம் மீன் விட்டால்தான் சாகாதாம். நூலக வாசலில் உட்கார்ந்து முப்பது வருஷம் ஊரார் பையைத் திறந்து பார்த்தவள் நான். பொய் சொல்கிறவர்கள்தான் இவ்வளவு விவரமாகச் சொல்வார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வண்ணமீன் கடைக்கு நானே போய் விசாரித்தேன். கடைக்காரர் அச்சு அசலாக அதையே சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கலாம்.

மார்ச் 16

எனக்குப் பாடம் நடந்தது. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பச்சையானால் அம்மோனியா இருக்கிறது. மஞ்சளானால் இல்லை, மீன் விடலாம். இன்று கரும்பச்சை. "நீங்களும் கத்து வெச்சுக்கோங்க அத்தை," என்கிறாள். நான் எதற்கு?

மார்ச் 17

மகன் தொட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை மாசம் ஆயிற்று?

மார்ச் 23

சமையலறையில் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் அவள் மிக்சியை ஓடவிட்டாள். ஜாரில் ஒன்றுமே இல்லை.

மார்ச் 29, சனி

தெரிந்துவிட்டது. மகனின் அலமாரியில் துண்டு தேடினேன் — சரி, துண்டு மட்டும் தேடவில்லை. மாற்றல் உத்தரவு. பஸ்ஸில் எட்டு மணி நேரம் போக வேண்டிய ஊர். ஏப்ரல் 21 அன்று வேலையில் சேர வேண்டும். உத்தரவு வந்து ஒரு மாசமாகிறது.

ஒரு மாசமா ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. அப்போ இந்தத் தொட்டி எனக்குத் துணைக்கா? பெத்தவளுக்கு நாலு மீனை வாங்கிக் குடுத்துட்டு நடையைக் கட்டறதா? அதுக்குத்தான் சொட்டு மருந்துப் பாடமா?

பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிட என்னால் முடியாது.

ஏப்ரல் 3

குப்பியில் பச்சை வெளுத்துக்கொண்டே வருகிறது. மஞ்சளானால் மீன் வரும். மீன் வந்தால் அவர்கள் போய்விடுவார்கள்.

ஏப்ரல் 4

செய்துவிட்டேன். அவள் வேலைக்குப் போனதும் ஸ்பாஞ்சைக் கழற்றி, குழாய்க்கு அடியில் பிடித்து, வெளுக்கும் வரை பிழிந்து பிழிந்து கழுவினேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பட்டால் கிருமிகள் செத்துப்போகும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஏப்ரல் 8

மறுபடி கரும்பச்சை. குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். ஏன் ஒன்றும் கேட்கவில்லை? நல்ல பொய்யாக ஒன்று தயாராக வைத்திருந்தேன், வீணாகப் போயிற்று.

ஏப்ரல் 11

இன்னொரு முறை கழுவலாம் என்று ஸ்பாஞ்சைக் கழற்றினால், அது ஏற்கெனவே வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நான் கழுவி ஒரு வாரமாயிற்றே. பழுப்பு ஏறியிருக்க வேண்டாமா? இந்த வீட்டில் யாரையும் நம்ப முடியாது.

ஏப்ரல் 19, சனி

மகன் ஒருவழியாகச் சொன்னான். "இப்போதைக்கு நான் மட்டும் போறேம்மா. தொட்டி தயாரானதும் அவ வந்துடுவா. மீன் இருந்தா உனக்கும் பொழுது போகும்." சரி என்றேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 22

நேற்று முன்தினம் கிளம்பிப் போய்விட்டான். இன்று அவளை நேராகவே கேட்டேன், ஸ்பாஞ்சைக் கழுவினாயா என்று.

"நீங்க ஒரு தடவைதான் கழுவினீங்க அத்தை. நான் மூணு தடவை."

அவளே சொன்னாள். "தொட்டி அவரோட யோசனை, உங்களுக்குத் துணையா இருக்கும்னு. தயாராக ஆறு வாரம் ஆகும்னு கடைக்காரர் சொன்னதும் நான் உடனே சரின்னுட்டேன். அங்க எனக்கு வேலை கிடையாது, பேச ஆள் கிடையாது. வரலைன்னு சொன்னா சண்டைதான் வருது. அதான், தொட்டி தயாரானதும் வரேன்னு சொல்லி வெச்சேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

கோபம் வந்தது. மிக்சி சத்தத்துக்குப் பின்னால் இவள் அழுதிருக்கிறாள் போல. அது என் புத்திக்கு எட்டவில்லையே. வெட்கமாக இருக்கிறது.

மே 18

ஸ்பாஞ்சை நாங்கள் தொட்டு நான்கு வாரமாகிறது. இன்று நல்ல மஞ்சள். இருவரும் குப்பியை மாறி மாறி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். பிறகு கடைக்குப் போய் ஆறு மீன் வாங்கி வந்தோம்.

மே 25, ஞாயிறு

மகன் போனில் கூப்பிட்டான். "தொட்டி தயாராச்சாம்மா?" மருமகள் கையில் இரை டப்பாவோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மீன்களும் கண்ணாடியோரம் கூடி வாயைத் திறந்து திறந்து மூடின.

"இன்னும் இல்லடா. பச்சையாவே இருக்கு," என்றேன்.