சந்தின் முதல் சட்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் சாப்பாட்டு நடைக்குச் சுற்றுலாப் பயணிகள் பதினாலு பேர். காலை பத்தரைக்குக் காப்போ சந்தை முகப்பில் கூட்டி, ஒரு மணிக்கு விட்டேன். இருவருக்கு மண்ணீரல் ரொட்டி இறங்கவில்லை. ஒருவர் மூன்று தின்றார். வழக்கம்தான்.

வழக்கத்தில் இல்லாதது ஒன்று நடந்தது. காஸ்பாரேயின் பனெல்லே கடை முன்னால் நின்று கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்ச காலம், சந்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாத நாட்கள். காஸ்பாரேயின் கொள்ளுத்தாத்தா எண்ணெய்ச் சட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, பனெல்லே என்கிற கடலைமாவு வில்லைகளைப் பொரித்து, ஒரு வாரம் சந்து முழுவதற்கும் சும்மா கொடுத்தார். அதற்கு நன்றியாகத்தான் சனங்கள் இந்த மூலையை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். இந்த இடத்தில் எல்லோரும் 'ஆ' என்பார்கள். இன்றும் என்றார்கள், ஒருவரைத் தவிர. ஹால்வார் என்று பெயர். நார்வேக்காரர், நீதிமன்றத்தில் வாக்குமூலம் எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம். வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கிவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்:

"ரொம்ப நல்ல கதை. உங்களுக்கு இதை யார் சொன்னாங்க?"

"இங்க எல்லாருக்கும் தெரியும்," என்றேன்.

தலையாட்டினார். மேலே கேட்கவில்லை. நல்ல மனிதர்.

யார் சொன்னது எனக்கு?

மார்ச் 5, புதன்

பல் தேய்க்கும்போது நினைவு வந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. நானேதான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், நான் நடை தொடங்கிய முதல் மாதம். மழை. காஸ்பாரேயின் கூடாரத் துணிக்கு அடியில் ஈரச் செருப்போடு எட்டுப் பேர். எண்ணெய் காயவில்லை. ஒரு பெண் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பஞ்சம் பள்ளிப் புத்தகத்திலிருந்து வந்தது. 'ஒரு வாரம்' என்பது காதுக்கு நன்றாக இருந்ததால் வந்தது. கொள்ளுத்தாத்தா எங்கிருந்து வந்தார் என்று எனக்கே தெரியாது.

எட்டுப் பேரும் 'ஆ' என்றார்கள். அவ்வளவுதான், விட முடியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கதை இப்போது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. வேறு கம்பெனிக்கு நடை நடத்தும் ரெமோவின் கூட்டத்துக்குப் பின்னால், தக்காளி வாங்குகிறவள் மாதிரி நின்று கேட்டேன். அவன் சொல்வதில் பஞ்சம் இல்லை, கொள்ளைநோய். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு கால் மரக்கால். ஒரு வாரம் நாற்பது நாளாகிவிட்டது.

"இதை யார் சொன்னா ரெமோ?"

"யார் சொல்லணும்? பலகையிலயே எழுதியிருக்கே!"

உண்மைதான். நாலு வருஷத்துக்கு முன் காஸ்பாரே பெயர்ப்பலகை மாற்றினான். நீலத்தில் வெள்ளை எழுத்து: 'சந்தின் முதல் சட்டி'. எழுத்து நன்றாக இருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன்.

நான் வாயில் மென்று துப்பியது பலகையாகி மேலே நிற்கிறது. சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

சரி, நிஜத்தில் முதல் சட்டி யாருடையது?

மார்ச் 11, செவ்வாய்

முடி திருத்தும் பல்தசாரே கடையில் பழைய படங்கள் சுவர் முழுக்க உண்டு. தினமும் தாண்டிப் போகிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் எங்கள் சந்து. மூலையில் பென்சிலால் 1951.

காஸ்பாரேயின் மூலையில் செருப்புத் தைக்கும் கடை. எதிர்ப்பக்கம் ஆவி பறக்கிறது, ஆட்கள் முண்டியடிக்கிறார்கள், மேலே பலகை: லோ வெர்சோ, பனெல்லே. படத்தின் நடுவில் தலையில் மத்திமீன் கூடையோடு வெறுங்காலில் ஒரு இளைஞன்.

"இது யாருன்னு தெரியலையா?" பல்தசாரே கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "காஸ்பாரேயோட தாத்தா. அந்தக் குடும்பத்துலேர்ந்து இந்தச் சந்துக்கு வந்த முதல் ஆளு. காது மட்டும் அப்படியே இல்ல?"

காது அப்படியேதான் இருக்கிறது.

லோ வெர்சோ கடை இப்போதும் இருக்கிறது. பேத்தி ஜெசுவால்தா நடத்துகிறாள். என் வயதுதான், நாற்பத்தாறு நாற்பத்தேழு இருக்கும். காஸ்பாரே கடையிலிருந்து பத்துத் தப்படி. பதினொரு வருஷத்தில் ஒரு கூட்டத்தைக்கூட அந்தப் பக்கம் நான் திருப்பியதில்லை. நான் மட்டுமா, ரெமோவும் மற்றவர்களும்தான். முதல் சட்டி இந்தப் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கம் யார் போவார்கள்?

திரும்பும்போது அவள் கடையைப் பார்த்தேன். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: 'வாடகைக்கு விடப்படும்'. ஒட்டி இரண்டு மாதமாகிறது என்று பல்தசாரே சொன்னார். நான் எப்படிப் பார்க்காமல் போனேன்?

மார்ச் 13, வியாழன்

காஸ்பாரேயிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ? இல்லை. தெரியவில்லை.

மாவில் சேர்க்கக் கொத்தமல்லி மாதிரியான பச்சிலையைக் குவியலாக நறுக்கிக்கொண்டிருந்தான். "சொல்லு தாயே," என்றான். என் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன்; எனக்கு அண்ணன் இல்லாத குறையைத் தீர்த்தவன். மழையையும் ஈரச் செருப்பையும் படத்தையும் காதையும் ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான், கத்தியைக் கீழே வைத்தான்.

"எங்கப்பா ஆஸ்பத்திரில இருந்த கடைசி மாசம், நர்சுங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இதத்தான் சொன்னாரு. கண்ணால பாத்த மாதிரி சொன்னாரு. சொல்லிச் சொல்லி அழுதாரு. இப்ப நீ வந்து, அது என் வாயில வந்த கதைங்கிற."

"நான் சொல்றதுக்கு முன்னால அவர் எப்பவாவது சொல்லியிருக்காரா காஸ்பாரே? யோசிச்சுப் பாரு."

யோசித்தான். யோசித்ததுதான் அவனுக்குக் கோபம்.

"எங்கப்பாவைப் பொய்யனாக்காத நின்ஃபா."

"பொய் சொன்னது நான்."

"அப்ப அத நீயே வச்சுக்க! என் கடையில வந்து கொட்டாத!"

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்துவிட்டேன். பிறர் நினைவுக்குள் நாம் புகுந்துவிட முடியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். அந்த மனிதர் அழுதாரே, எதை நினைத்து அழுதார்?

மார்ச் 15, சனி

மானம் போயிற்று.

பன்னிரண்டு பேரோடு சந்துக்குள் போனேன். காஸ்பாரே கடை முன்னால் நின்றதும் கதை தானாகவே நாக்குக்கு வந்தது. நிறுத்தினேன். 'இங்கே ஒரு கதை சொல்வேன், அது நான் இட்டுக்கட்டியது. பழைய கடை எதிரில் இருப்பது' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பதினொரு வருஷம் என் ஆங்கிலத்தைக் கேட்டவன் காஸ்பாரே, எல்லாம் புரிந்துவிட்டது. பொரிந்துகொண்டிருந்ததை அரித்து எடுத்தான், அடுப்பை அணைத்தான்.

"இன்னைக்கு வியாபாரம் இல்ல. பழைய கடைக்கே கூட்டிட்டுப் போ."

போனேன். ஜெசுவால்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன, திடீர்னு வழி தெரிஞ்சுதாக்கும்?"

"பன்னிரண்டு பேருக்குப் போட முடியுமா?"

"கடலைமாவு இருக்கு, எண்ணெய் இருக்கு. போடத்தான் இஷ்டமில்ல. பாவம் பார்த்து ஆள் கூட்டிட்டு வராதீங்க. எனக்குப் பிடிக்காது."

அந்தப் பக்கமும் கிடையாது, இந்தப் பக்கமும் கிடையாது. தவக்காலம் வேறு, இறைச்சி கூடாது என்று ஊரே பனெல்லே தின்கிறது. என் பன்னிரண்டு பேர் மட்டும் சந்து நடுவில் வெறும் கையோடு. ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

எங்கும் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நடை இல்லாத நாள். கூனைப்பூ வாங்கச் சந்தைக்குப் போனேன். காஸ்பாரே பக்கம் பார்க்காமல் நடந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இங்க வாங்க. உக்காருங்க. அதுல வேணாம், அது கால் உடைஞ்சது. இதுல."

ஜெசுவால்தா. நாலு வில்லையைப் பொரித்து, எள் ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்து, எலுமிச்சை பிழிந்து நீட்டினாள். "முதல்ல தின்னுங்க. அப்புறம் பேசலாம்."

தின்றேன். காஸ்பாரேயுடையதைவிட மெல்லிசு, ஓரம் நொறுங்குகிறது, நடு வெண்ணெயாக இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்ததை நான் சாப்பிட்டதே இல்லை! ஊருக்கெல்லாம் வழி காட்டுகிறவள்.

"பதினொரு வருஷமா எதிர்ல நின்னு கையை நீட்டி நீட்டிப் பேசுறீங்க," என்றாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா அந்தக் கை என் பக்கம் வந்ததே இல்லன்னு தெரியும்."

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே நீங்க."

"என்னன்னு? எனக்கும் கொஞ்சம் கையை நீட்டுங்கன்னா?"

மன்னிப்புக் கேட்டேன். கையை வீசி அதைத் தள்ளிவிட்டு, அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"காஸ்பாரேயோட தாத்தா எங்க தாத்தா சால்வத்தோரே கிட்ட மூணு குளிர்காலம் மாவு கிண்டினாரு. மீனை விட்டுட்டு வந்தாரு. கல்யாணம் ஆனப்ப எங்க தாத்தா தன்னோட பழைய சட்டியத் தூக்கிக் கொடுத்து, 'எதிர்லயே கடை போடு. கண்ணுக்கு முன்னால இருந்தாத்தான் மாவுல தண்ணி ஊத்தாம இருப்பே'ன்னாராம். அந்தச் சட்டிதான் இப்ப அவன் கடைச் சுவத்துல தொங்குது. அவன் பலகையில எழுதினது பொய்யே இல்ல. சந்தோட முதல் சட்டி அதுதான். என்ன, எங்களோடது."

வாயில் இருந்த ரொட்டியை விழுங்கினேன். பிறகு ஹால்வார் மாதிரி நானும் கேட்டேன்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"இப்பத்தான் நீ கேக்கவே ஆரம்பிச்சிருக்கே. கைப்பிடிக்கு அடியில பாக்கச் சொல்லு அவனை."

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். காஸ்பாரே கடையில் வரிசை தெருமுனை வரைக்கும். நானும் வரிசையிலேயே நின்றேன். என் முறை வந்தபோது அவன் என்னைப் பார்க்காமல், "எத்தனை?" என்றான்.

"சுவத்துல தொங்குற சட்டிக்குக் கைப்பிடி அடியில என்ன இருக்கு?"

"கம்பெனி முத்திரை."

"என்ன எழுத்து?"

பின்னால் நின்ற பெண் சத்தம் போட்டாள்: "வாங்குறதுன்னா வாங்கு, பரீட்சை வைக்காத!"

ஆனால் அவன் ஸ்டூலில் ஏறிவிட்டான். அவனுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, முகத்தில் எழுதியிருந்தது. சட்டியை இறக்கி, எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுக் கைப்பிடியைத் தேய்த்தான். கருப்பு விலகி, ஆணியால் கீறிய இரண்டு எழுத்து வந்தது. எஸ். எல்.

"சால்வத்தோரே லோ வெர்சோ," என்றேன். "ஜெசுவால்தாவோட தாத்தா."

எதிர்க்கடையைப் பார்த்தான். வரிசை முழுக்கக் காத்திருந்தது. சட்டியைத் திரும்ப மாட்டாமல் காலடியில் வைத்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்றான்.

மார்ச் 27, வியாழன்

சட்டி இன்னும் சுவரில் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது. என்ன செய்தான் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஏப்ரல் 5, சனி

இப்போது சந்து நடுவில் நிற்கிறேன். 'இரண்டு கடை, பத்துத் தப்படி தூரம். பதினொரு வருஷம் ஒரு பொய்யை இங்கே சொன்னேன்' என்று தொடங்கினால், வந்தவர்கள் முன்பைவிட நன்றாகக் கேட்கிறார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். ஜெசுவால்தா போட்டுத் தருகிறாள். காஸ்பாரேயும் போட்டுத் தருகிறான், என்னிடம் மட்டும் பேச்சு இல்லை. ரெமோ கேட்டான்: "உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? மரக்காலை நான் என்ன பண்றது?"

ஆப்பிரிக்காப் பக்கமிருந்து அனல்காற்று மூன்று நாளாக வீசுகிறது. ஜெசுவால்தாவின் கதவில் வாடகைக் காகிதம் இல்லை. காற்று கொண்டுபோனதா, அவளே கிழித்தாளா?

ஏப்ரல் 12, சனி

ஒன்பது பேர், எல்லோரும் சிலியிலிருந்து. ஜெசுவால்தா முதல் தட்டைப் பொரித்துக்கொண்டிருந்தாள். காஸ்பாரே தன் அடுப்பை விட்டு இறங்கிச் சந்தின் குறுக்கே நடந்து வந்தான். கையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய பொட்டலம். அவள் மேடையில் வைத்தான்.

"இந்தா. உங்களோடது."

அவள் தாளை விலக்கிப் பார்த்தாள். சட்டி பளபளத்தது, நாள் கணக்கில் தேய்த்திருக்க வேண்டும்.

"எதுக்குடா இது?"

"எழுத்து இருக்கு. உங்க தாத்தாவோடது. பலகையையும் கழட்டப் போறேன்."

"உன்ன யாரு கழட்டச் சொன்னா? கொடுத்ததத் திருப்பி வாங்குற குடும்பமா நாங்க? தூக்கிட்டுப் போ!"

"நான் வச்சுக்கமாட்டேன்."

"நான் வாங்கமாட்டேன்!"

"என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?" என்று சிலிக்காரர்கள் என்னை மொய்த்தார்கள். சொன்னேன். அவன் என்ன சொன்னானோ அதை, அவள் என்ன சொன்னாளோ அதை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கஷ்டமான வேலை அது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்துகிறார்கள்.

"உங்க தாத்தா நல்லவரு, நீதான் சண்டைக்காரி!"

"உங்க தாத்தாவும் நல்லவருதான், மாவுல தண்ணி ஊத்தினது உங்கப்பன்!"

இதை மொழிபெயர்க்க ஒரு நொடி தயங்கினேன். அவன் அப்பா. ஆஸ்பத்திரி. காஸ்பாரேயைப் பார்த்தேன். அவன் காது சிவந்திருந்தது. பிறகு, ஒரு மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினான்.

"சொல்லு, சொல்லு. தண்ணி ஊத்துனாருதான். அதையும் சொல்லு."

சொன்னேன். சிலிக்காரர்கள் கை தட்டினார்கள். இதுவும் நடையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போல. அந்தச் சத்தத்தில் சட்டி யாருடையது என்பது முடிவாகாமலே போயிற்று. பேச்சு பச்சிலை எவ்வளவு போட வேண்டும் என்பதற்குத் தாவியது. காஸ்பாரே அவள் மாவில் விரலை விட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அவள் கரண்டியால் அவன் கையில் ஒன்று போட்டாள். எதிரே அவன் கடையில் ஆள் இல்லாமல் எண்ணெய் புகைந்தது. நான்தான் ஓடிப்போய் அடுப்பைத் தணித்தேன்.