வாடைக்கு எதிரே நடந்த மார்கழி

மாப்ள,

இன்று காலை வீடு முழுக்கத் தைல வாசனை. உன் தங்கச்சி என்று நீ உரிமை கொண்டாடுவாயே, என் மனைவி, கால் பிடித்து இழுக்கிறதென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளுக்கு டயாலிசிஸ். "இன்னைக்கு நான் வரல, என்னய விட்ருங்க" என்றாள். ஒரு தடவை தவறினால் மூச்சு முட்டும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தனுஷ்கோடி மணலில் நடக்கக் கிளம்பிய அந்த மார்கழி விடியலில் நம் எட்டுப் பேர் மேலும் இதே வாசனைதான். நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் எந்திரம் வாங்க நிதி திரட்டும் மலையேற்றம். அதற்குப் பயிற்சி. நம் ஆர்.எஸ்.மங்கலத்தில் ஏறுவதற்குக் கண்மாய்க்கரையை விட்டால் என்ன இருக்கிறது? கடற்கரை மணலில் கால் புதையப் புதைய நடந்தால் மலை ஏறிய மாதிரிதான் என்று யோசனை சொன்னவனே நீதான். பாரத்துக்கு ஆளுக்கொரு பையில் நெல். சங்கு விற்கும் அம்மா ஒருத்தி பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடல்ல வெதைக்கப் போறீகளா?" என்று கேட்டாள்.

போகும்போது கால் தானாக ஓடியது. இடிந்த தேவாலயத்தோடு திரும்பிவிடலாம் என்றார் பயிற்சி கொடுத்த பி.டி. டீச்சர். நீ கேட்கவில்லை. "இந்த வேகத்துக்கு இமயமலையே பத்தாது டீச்சர்" என்று முனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாய். திரும்பி நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. அதுவரை நடந்தது நாமல்ல, முதுகில் கை வைத்துத் தள்ளிய வாடைக்காற்று. கடற்கரைக்காரன் எவனும் இப்படி ஏமாந்திருக்க மாட்டான். வயக்காட்டு ஆட்கள் நாம்.

இப்போது காற்று முகத்தில். மணல் ஊசியாகக் குத்தியது. பாதி வழியில் நான் உட்கார்ந்துவிட்டேன். "எந்திரம் வந்தா மட்டும் அவளுக்குக் கொணமாயிருமாடா? என்னால ஏலல" என்று கத்தினேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நீ பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய். புத்திமதி சொல்வாய் என்று நினைத்தேன்.

"ஏலே, எனக்கும் ஏலலடா" என்றாய். அவ்வளவுதான். உன் உதடு வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் அசதி மறந்து, "எந்திரி மாப்ள, போவோம்" என்று உன்னைக் கைகொடுத்துத் தூக்கினேன். என்னைக் கிளப்புவதற்காக நீ போட்ட நாடகம் என்றே வழியெல்லாம் நினைத்துச் சிரித்தேன்.

தை பிறந்து சில நாளில், தூக்கத்திலேயே உன் நெஞ்சு நின்றுபோனது. நீ நடிக்கவில்லை என்று உன் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது.

நீ இல்லாமல்தான் மலை ஏறினோம். ஏறிவிட்டோம், இறங்கத்தான் முடியவில்லை. மணலில் எங்கே இறக்கம் இருந்தது பழகுவதற்கு? முட்டி இன்னும் சரியாகவில்லை. எந்திரமும் ஒருவழியாக வந்தது. டயாலிசிஸுக்கு இப்போது ராமநாதபுரம் பஸ் அலைச்சல் இல்லை. ஆனால் அசதி போகவில்லை மாப்ள. அவளுக்கும் போகவில்லை, எனக்கும் போகவில்லை.

வழக்கமாக அவள் முரண்டு பிடித்தால் கெஞ்சுவேன், பிள்ளைகளைச் சொல்லிப் பயமுறுத்துவேன். இன்று அதையெல்லாம் விட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் ஏலலத்தா" என்றேன்.

ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே முடியவில்லை. அவள் தைலத்தை மூடி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, எனக்குக் கை நீட்டினாள்.

"எந்திரிங்க. நேரமாச்சு."