என் கட்டிலில் கத்தரிச்செடி

மதிப்புக்குரிய அப்பாவுக்கு மகனின் வணக்கம். உங்கள் இடுப்பு வலியும் அம்மாவின் இருமலும் குறைந்ததா? நான் சுகம்தான், ஆனால் கோபம் தலைக்கேறியிருக்கிறது.

தங்கச்சி போன் செய்தபோது, இங்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில் மண் நிரப்பிச் செடி வளர்க்கும் மேட்டுப்பாத்திக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். என் கட்டிலை உடைத்து நீங்களும் பாத்தி கட்டிவிட்டீர்களாம்! கேட்டதும் சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது. நகம்தான் கறுத்தது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

"அவன் வர்றதுக்குள்ள நாலு தடவை கத்தரிக்கா பறிச்சிரலாம்" என்று சிரித்தீர்களாமே? நான் என் கையால் இழைத்த கட்டில் அது. உடைக்க எப்படி மனசு வந்தது? லீவில் வந்தால் செடிக்கு நடுவிலா படுப்பேன்?

அதிலும் அரைகுறை வேலை. வார்னிஷைச் சுரண்டாமல் யாராவது மண் கொட்டுவார்களா? அடியில் புல் முளைக்காமல் அட்டையாவது விரித்தீர்களா? நானே தச்சன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, பாத்தி இருக்கட்டும். பாத்தியில் அடித்திருக்கும் தலைமாட்டுப் பலகையை மட்டும் கழற்றி, துடைத்து, என் அறையில் வையுங்கள். நீங்கள் குனிய வேண்டாம், மாப்பிள்ளையைக் கழற்றச் சொல்லுங்கள். மிச்சக் கட்டிலை நான் வந்து செய்துகொள்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. என் அறையில் கட்டில் கிடந்த இடத்தில் வேறு எதையும் போட்டுவிடாதீர்கள், அப்பா.