ஒட்டாத கீல்

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தோப்பும்படிப் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சட்டை ஒட்டுகிறது. கீல்தான் ஒட்ட மாட்டேன் என்கிறது.

நேற்றைய கதையை எழுதித் தொலைத்துவிட்டால் வேலையைப் பார்க்கலாம். வைட்டிலா தாண்டி, கிளப்காரர்கள் ரிமோட் விமானம் பறக்கவிடும் வயல்வெளி. பல் டாக்டரின் புது விமானம். செய்தது எங்கள் பட்டறை, இறக்கை முழுக்க என் கை. முதல் வளைவிலேயே இடது எய்லரான் கழன்று தனியாகப் பறந்தது. இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் ஆடுகிற அந்தப் பட்டை இல்லாமல் எந்த விமானம் திரும்பும்? சுருண்டு வந்து சேற்றில் குத்தி நின்றது.

டாக்டர் பட்டையைப் பொறுக்கிப் பார்த்தார். அதை இறக்கையோடு இணைக்கும் நைலான் கீல்கள் உடையவில்லை. இறக்கையில் இருந்த பாதி அப்படியே உருவிக்கொண்டு வந்திருந்தது.

“இது ஆரா செய்தே?”

முதலாளி வர்கீஸ் சேட்டன் விரலால் என்னைக் காட்டினார்.

“ஓ. பாண்டிப் பணி.”

எல்லோரும் சிரித்தார்கள். சேட்டனும்.

நான் பிறந்தது மட்டாஞ்சேரி. அப்பா பிறந்ததும் இங்கே. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலவாளி தூக்க வந்தவர். இவர்கள் வீடு நாறாமல் இருக்க வந்தவனுக்கு தமிழன் என்று இவர்கள் வைத்த ஏளனப் பேர் பாண்டி.

இன்னொன்று. கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பறக்கவிடும் முன் விமானத்துக்காரர் ஒவ்வொரு கீலையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். நேற்று டாக்டர் இழுக்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று சேட்டன்: “ஞாயிறாழ்ச்ச டாக்டருக்கு வேறொண்ணு கொடுக்கணும். அதும் ஊரிப்போயா, ரேவதி, நீ பின்னெ மேசையில இருக்கண்டா. பாக்கிங் நோக்கிக்கோ.”

இதுவும் கழன்றால் எனக்கு மேசை இல்லை, பாக்கிங்தான். பாக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது, சாயா வாங்கி வருவது, பெருக்குவது. அதையெல்லாம் செய்து செய்துதான் இந்த மேசைக்கு வந்தேன். திரும்பிப் போக மாட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வெயில். என் மேசைக்கு மேலே தகரம், அதற்கு மேலே சூரியன். மின்விசிறி சூட்டைக் கிளறிவிடுகிறது, அவ்வளவுதான்.

புது இறக்கை தயார். கீல் மட்டும் பாக்கி. எந்தப் பசை என்று முடிவாகாமல் அதைத் தொடப் போவதில்லை. வீணான பால்சா மரத்துண்டுகளில் பிளவு கீறி, கீல் சொருகி, ஒவ்வொரு பசையாகப் பார்க்கிறேன்.

இருப்பவை:
உ.ப. (உடனடிப் பசை, தண்ணீர் மாதிரி ஓடுவது)
எ. (எபாக்சி, இரண்டு குழாய், கலக்கிப் போடுவது)
வெ.ப. (தச்சர்களின் வெள்ளைப் பசை)

முதலில் உ.ப. வழக்கம்போலக் கீலின் நடுக்கணுவில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டேன். அங்கே பசை ஏறினால் கீல் மடங்காது. சேட்டன் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். பிறகு பிளவில் பசை. சாப்பாடு முடிந்து வந்து குறடால் இழுத்தேன். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது.

மோட்டார் வேலை பார்க்கும் அன்சார் எட்டிப் பார்த்தான். “எந்தாடீ, டாக்டரோட சேர்ந்து நீயும் பல்லு பறிக்கான் படிக்குந்நா?”

“உன்னோடதைப் பறிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன், வாயைத் தொற.”

சாயங்காலம் வெ.ப., எ. இரண்டும் போட்டு வைத்துவிட்டு வந்தேன்.

அப்பாவின் வலது பூட்ஸ் அடி பிளந்துவிட்டது. ஓடை வாரும்போது உள்ளே தண்ணீர். ஒப்பந்தக்காரன் மழைக்காலத்துக்கு முன்னால் புதுசு தருவானாம். எந்த மழைக்காலம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 22, புதன்

வெ.ப. வந்துவிட்டது. எ. கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு அதுவும் வந்துவிட்டது. எபாக்சியுமா!

பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று மட்டாஞ்சேரி பஜார் கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“மோளே, இந்தப் பசை கொண்டு போயவன் வள்ளம் ஒட்டிச்சு. வள்ளம் இப்பவும் கடலில உண்டு. நின்றெ பிளேன் எவிடே?”

பக்கத்தில் மிளகாய் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் சிரிப்பு. இந்த வாரம் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யார் யார் என்று எழுதுவது சுலபம்.

நான்கு மணிக்குக் கோடைமழை. காற்றில் ஈரம். ஈரம்தான் காரணமோ? பால்சா ஈரத்தைக் குடிக்கும் மரம். அப்படியானால் சேட்டன் ஒட்டுவது மட்டும் எப்படி நிற்கிறது? அவர் கீல் போட்ட விமானங்கள் வருடக்கணக்கில் பறக்கின்றன. அதே கீல், அதே எபாக்சி.

கையில் ஏதோ கோளாறு என்றே நினைக்கத் தொடங்கிவிட்டேன். அதுதான் எரிச்சல். டாக்டர் சொன்னது வெளியே நிற்காமல் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டது.

ஏப்ரல் 23, வியாழன்

காலையில் டாக்டரின் டிரைவர் வந்தார். துபாய்ப் பசை, பெரிய குப்பி. ஈரம் பட்டால் நுரைத்து இறுகுமாம்.

“டாக்டர் பறஞ்ஞு, நல்ல சாதனம் கொடுத்தாலெங்கிலும் நேரெ செய்யுமோந்நு நோக்காம்.”

நல்ல சாமான் கொடுத்தாலாவது ஒழுங்காகச் செய்கிறேனா என்று பார்க்கலாமாம். டிரைவர் பாவம், சொல்லச் சொன்னதைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

எண்ணெய் தொட்டு, பிளவை ஈரத்துணியால் நனைத்து, பசை. நன்றாகத்தான் நுரைத்தது. மூன்று மணிக்கு மேல் இழுத்தேன். வந்தது. நுரை மரத்தில், கீல் என் கையில், வழுவழுவென்று, கடையில் வாங்கின மாதிரி.

துண்டை உடைத்துச் சுவரில் எறிந்தேன்.

சேட்டன் ஏசி அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “எந்தா அவிடே சத்தம்?” கதவு மூடிக்கொண்டது. குளிர் வெளியே போய்விடக் கூடாதில்லையா. அந்த அறை வாடிக்கையாளர்களுக்கும் அவருக்கும். நாங்கள் சாயா கொடுக்கப் போகலாம்.

சோதனைச் சாமான்களோடு குப்பியையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபத்தில் அப்பாவின் பூட்ஸ் பிளவில் பிதுக்கி, கயிற்றால் கட்டி வைத்தேன். துபாய்ப் பசை ஓடைக்குப் போகட்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

காலையிலேயே அப்பா ஓடை வேலை முடிந்து வந்து பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். உள்ளே காய்ந்திருந்தது.

“ஏட்டி, என்னத்தப் போட்ட? ஓடையில பூட்ஸு முக்கால் பங்கு முங்க நின்னேன், பொட்டுத் தண்ணி ஏறல. ஏரோப்ளேன் சாமானா?”

“ஏரோப்ளேன்ல ஒட்ட மாட்டேங்குது ப்பா.”

“ஓடையில ஒட்டுது, ஆகாசத்துல ஒட்டலியா? அப்ப பசைமேல குத்தமில்ல.”

விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அடியைப் பிடித்து இழுத்தேன். ரப்பர்தான் கிழியப் பார்த்தது.

கரண்ட் இல்லாததால் மதியம் வரை பட்டறை திறக்கவில்லை, அதற்கு மேலும் நான் போகவில்லை. வீட்டிலேயே ஒரு துண்டில் கீல் வைத்து, மிச்சமிருந்த எபாக்சியும், இன்னொன்றில் துபாய்ப் பசையும் போட்டேன். கீல் அசைந்தால் என்ன அசையாவிட்டால் என்ன, வெறும் சோதனை என்று எண்ணெய் தொடவில்லை. சாயங்காலத்துக்கு முன் இழுத்தேன். வரவில்லை. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். கடைசியில் கீலோடு மரமும் பிய்ந்து வந்தது. கீலில் மரநார் அப்பியிருந்தது.

இதுவரை ஒரு கீலிலும் மரநார் ஒட்டி வரவில்லை. அதை நான் ஏன் முன்பே பார்க்கவில்லை?

எண்ணெய். எண்ணெயைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் சேட்டனும் அதே எண்ணெய்தானே தொடுகிறார்?

ஓடினேன் தோப்பும்படிக்கு. பட்டறை சாத்தும் நேரம். சாயா கிளாஸ் எடுக்கும் சாக்கில் ஏசி அறைக்குள் போனேன். அவர் மேசையில் எண்ணெய்க் குப்பி. என் மேசையில் இருப்பதன் ஜோடி. உள்ளே வெள்ளையாக, கட்டியாக உறைந்து கிடந்தது. அவர் தீக்குச்சியால் சுரண்டிக் கணுவில் அப்புகிறார். அந்தக் குளிரில் அது வைத்த இடத்தில் நிற்கும். தகரத்தின் கீழே என் எண்ணெய் கணுவில் நிற்காது. கீலின் இதழ் வழியாகப் பிளவுக்குள் ஓடி, பசை வரும் முன்பே மரத்தை நனைத்துவிடும்.

ஒரே குப்பி, ஒரே பாடம், ஒரே கை அசைவு. நடுவில் ஒரு கதவு.

டாக்டர் அதற்கு வைத்த பேர் பாண்டிப் பணி.

ஏப்ரல் 25, சனி

மேகமூட்டம், மழை இல்லை. மருந்துக்கடையில் ஒரு சின்ன டப்பா வாஸ்லின். காலையில் போய்ப் புது விமானத்தின் கீல்கள் எல்லாவற்றையும் முடித்தேன். கணுவில் வாஸ்லின், பிளவில் எபாக்சி. எபாக்சிதான், முடிவாகிவிட்டது. உ.ப. யோசிக்கும் முன் இறுகுகிறது, துபாய்ப் பசை நுரைத்துக் கணுவுக்குள்ளும் போய்விடும், வெ.ப. இந்த ஊர் ஈரத்துக்கு ஆகாது. கூடவே இரண்டு சோதனைத் துண்டு: ஒன்று எண்ணெய், ஒன்று வாஸ்லின். இரண்டிலும் அதே எபாக்சி.

பிறகு சேட்டனிடம் சொன்னேன். உறைந்த குப்பியையும் என் குப்பியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், வாஸ்லின் போட்டதையும் சொன்னேன்.

தன் தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தார். “எத்ர வருஷமாயி ஞான் வெளிச்செண்ணெய் தொடுந்நு. ஒண்ணெங்கிலும் ஊரிப்போயிட்டுண்டோ?”

“உள்ளே ஊராது சேட்டா. வெளியிலதான் ஊரும்.”

“ஆங்.” புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. “செரி. இனி ஹிஞ்ச் ஒக்கெ ஞான் உள்ளில இருந்நு செய்தோளாம். நீ உரசல் வேலை நோக்கிக்கோ.”

நான் கண்டுபிடித்ததற்குப் பரிசு, என் கையிலிருந்து கீல் போகிறது. வாஸ்லின் என்ற வார்த்தை அவர் காதில் விழவே இல்லை. மேசையை இரண்டடி நகர்த்தி உள்ளே போடலாம் என்பது அவருக்குத் தோன்றவும் இல்லை.

அன்சாரிடம் சொன்னேன். “டாக்டரோட எந்து பறயும் சேட்டன்?” என்றான். அதை நான் யோசித்திருக்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

காற்று குறைவு. நல்ல வானம். வயல்வெளி.

சேட்டன் டாக்டரிடம்: “பசை மோசமாயிருந்நு டாக்டரே. மாத்தி. குட்டிக்கும் ஒரு ஸ்ரத்தக் குறைவு. இப்ப ஞான் நோக்கியிட்டுண்டு.”

குட்டி நான்தான். கவனக் குறைவு எனக்கு. நோக்கியது அவர்.

பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து டாக்டர் முன்னால் நீட்டினேன்.

“டாக்டர், இது ரெண்டும் ஒரே பசை. இழுத்து நோக்கணும்.”

முதல் துண்டில் கீல் அவர் விரலோடு வந்துவிட்டது. இரண்டாவதை இழுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்தார். பல் டாக்டர், இழுக்கத் தெரிந்த கைதான். வரவில்லை.

“எந்தா வித்யாசம்?”

“முதல்ல உள்ளது வெளிச்செண்ணெய். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி. ஏசியில உறையும், என் மேசையில ஓடும். போன ஆழ்ச்ச விழுந்தது அதனால. ரெண்டாவது வாஸ்லின். இந்த பிளேன்ல எல்லாம் அதான், ஞான் செய்தது.”

யாரும் சிரிக்கவில்லை. சேட்டன் தூரத்தில் எதையோ பார்த்தார். அன்சார் பாட்டரியைத் துடைத்துக்கொண்டே இருந்தான், அதில் துடைக்க ஒன்றுமில்லை.

“இன்னு இழுத்துட்டே பறத்தணும் டாக்டர். போன ஆழ்ச்ச நோக்கியில்ல.”

அதைச் சொல்லத் திட்டமிடவில்லை. வந்துவிட்டது.

அவர் முகம் சிவந்தது. ஆனால் குனிந்தார். ஒவ்வொரு கீலாக இழுத்தார். இடது, வலது, வால். எல்லோரும் பார்க்க, ஒன்று விடாமல். ஒன்றும் வரவில்லை.

விமானம் ஏறியது. அதே வளைவில் திரும்பியது. எய்லரான் ஆடுவது கீழிருந்து தெரியாது, விமானம் சாய்வதுதான் தெரியும். சாய்ந்தது, நிமிர்ந்தது. பாட்டரி தீரும்வரை பறந்து வந்து இறங்கியது.

டாக்டர்: “நல்ல பணி.” என்னைப் பார்த்து இல்லை, விமானத்தைப் பார்த்து.

பாண்டி என்று வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. வராத ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

திரும்பி வந்து தோப்பும்படியில் வண்டியை விட்டு இறங்கும்போது சேட்டன்: “ஆளுகள்ட முன்னில வெச்சு வேண்டாயிருந்நு.”

“போன ஆழ்ச்சயும் ஆளுகள் உண்டாயிருந்நு சேட்டா.”

ஏப்ரல் 27, திங்கள்

பயங்கர வெயில். வேலை போயிருக்கும் என்றுதான் போனேன். போகவில்லை. டாக்டர் காலையிலேயே போன் செய்து இன்னொரு விமானம் சொல்லியிருக்கிறார், கீல் அந்தக் குட்டி போட வேண்டும் என்றாராம். அன்சார் சொன்னான். சேட்டன் சொல்லவில்லை.

சேட்டன் பெரிய வாஸ்லின் டப்பா வாங்கியிருக்கிறார். சாயா கொடுக்கப் போனபோது பார்த்தேன். ஏசி அறையில், உறைந்த குப்பி இருந்த இடத்தில்.

கிளாஸை வைத்தேன். டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து என் மேசையில் வைத்தேன். கதவைச் சாத்தவில்லை.

“எடீ, குளிரு போவுந்நு,” என்றார் உள்ளேயிருந்து.

போகட்டும்.