பூட்டுக்கு எந்த எண்ணெய்

நவம்பர் 9
மைனஸ் 28 டிகிரி. பக்கத்து வீட்டு சர்தானா கதவில் பதிக்கும் புதுப் பூட்டு வாங்கி வந்தாள். புருஷன் கவ்ரீலை வீட்டைவிட்டு விரட்டிவிட்டாள். அவன் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, கொன்றுவிடுவதாகச் சொல்லியனுப்புகிறான். குளிரில் பூட்டு சிக்காமலிருக்க எதை விடலாம் என்று கேட்டாள். ஒரு தகரத்தில் கிரீஸ், துப்பாக்கி எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் மூன்றிலும் ஒரு சொட்டு வைத்து வெளியே சாய்த்து நிறுத்தினேன், வகுப்பில் செய்துகாட்டுவதைப் போல. மிஷின் எண்ணெய் மட்டும் வழிந்தது. அதையே விடச் சொன்னேன்.

நவம்பர் 30
மைனஸ் 47. பால் கறந்துவிட்டுக் கொட்டிலிலிருந்து வந்த சர்தானாவை வேலியோரம் கவ்ரீல் மறித்திருக்கிறான். கதவுவரை ஓடிவிட்டாள். சாவி நுழைந்தது, திரும்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் சாவியை முறுக்கியிருக்கிறாள். பின்னலைப் பிடித்து இழுத்து, குடிநீருக்கு உருக்க வாசலில் அடுக்கிய பனிக்கட்டியில் முகத்தை மோதினான். நான்கு தடவை. எண்ணியிருக்கிறாள். இரண்டு பல் போயிற்று; விழுந்ததில் ஒரு விலாவும் முறிந்தது. நான் கத்திக்கொண்டு வந்ததும் போய்விட்டான்.

சாவியில் அவள் விரல்தோல் ஒட்டியிருந்தது. பூட்டுக்குள் எண்ணெய் மெழுகாகிக் கிடந்தது.

மைனஸ் 28-இல் பார்த்ததை வைத்து மொத்தக் குளிர்காலத்துக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். இதே தப்புக்கு எத்தனை பிள்ளைகளை நிற்கவைத்தேன்! உனக்கென்னடி தண்டனை?

டிசம்பர் 1
பூட்டைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, உலர்த்தி, பென்சில் கரியை அரத்தில் ராவிய தூளைப் போட்டேன். பொடி எப்படி உறையும்? முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா? மன்னிப்புக் கேட்டேன். வீங்கிய வாயால் சொன்னாள்: "எண்ணெயா என்னை அடிச்சுது, டீச்சர்?"

போலீஸ்காரர் கேஸ் எழுதவில்லை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு நாளில் சேர்ந்துவிடுவார்களாம்.

டிசம்பர் 3
வெளியே நின்று, கையுறையோடு சாவியை ஐம்பது தடவை திருப்பிப் பார்த்தேன். ஐம்பதும் திரும்பியது.

டிசம்பர் 22
மைனஸ் 52. நண்பகலில் கவ்ரீல் கோடாலியோடு வந்தான். அவள் ஓடினாள். ஒரே திருப்பு, உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாள். அவன் கதவை வெட்ட ஆரம்பித்தான். குளிருக்குக் கதவில் போர்த்திய மாட்டுத்தோல் கிழிந்து, பலகை பிளந்தது. பனி உடைக்கும் கடப்பாரையோடு போனேன். கீழே போடச் சொன்னேன்.

"போ கெழவி, அடுத்து நீதான்."

முழங்காலில் அடித்தேன். விறகு முறிகிற சத்தம். விழுந்தும் கோடாலிக்குக் கையை நீட்டினான். கையிலும் அடித்தேன். மூன்றாவது அடி தேவையேயில்லை —

அடித்தேன்.

"போதும் டீச்சர்... டீச்சர்..."

மூன்றாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தான்.

டிசம்பர் 23
போலீஸ்காரர் இப்போது எழுதிக்கொள்கிறார். வழுக்கி விழுந்தான் என்று சொல்லலாம் என்றாள் சர்தானா. மூன்று அடி என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது எதற்கு என்று கேட்டார். தெரியவில்லை என்றும் எழுதினேன்.

பிப்ரவரி 18
மைனஸ் 39. கவ்ரீலுக்கு நான்கு வருடம். என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள்.

சர்தானா ஆற்றில் பனிக்கட்டி வெட்டப் போனாள். கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டுப் போனாள். அவள் திரும்பும்வரை நான் ஜன்னலை விட்டு எழவில்லை.