மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். உனக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது என்று அம்மா சொல்லித்தான் தெரியும். போனில்தான் நீ என்னோடு பேசுவதில்லை. கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

அம்மாவின் மூட்டு வலி பரவாயில்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதிக்கிற மனுஷனுக்கு வீட்டுக் குழாயில் ஒரு வாஷர் மாட்டத் துப்பில்லை என்று அவள் வாய் ஓயவில்லை.

போன வாரம் சுற்றுச்சூழலும் வருங்காலத் தலைமுறையும் பற்றி நடந்த மாநாட்டுக்குத் தொழிற்சாலை சார்பில் என்னை அனுப்பினார்கள். ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் பேசினால் நம்புவார்கள் என்று மேலாளருக்கு எண்ணம். பேச வேண்டியதை அவரே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார். "அப்பாவ அங்கயாவது உண்மையச் சொல்லச் சொல்லும்மா" என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். அதனால் நீல நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடத்தில் நான் எடுத்த நிஜ அளவுகள் அதில்தான் இருக்கின்றன. அறிக்கையில் போனவை வேறு.

பஸ் தாமதம். அரங்கில் இடமே இல்லை. மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. விட்டால் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். உன் வயதில் ஒரு பெண் வந்து குனிந்து, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இது இனிமே பொறக்கப் போறவங்களுக்காக விட்டு வச்சிருக்கோம்" என்றாள். திரும்பிப் பார்த்தால் நாற்காலியின் முதுகில் அட்டை கட்டியிருந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன். ஆனால் உன் குட்டியின் இடத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டவன் போல வெட்கமாக இருந்தது.

என் முறை வந்தது. பைக்குள் கை விட்டேன், நோட்டு தட்டுப்பட்டது. எதிரே மேலாளர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். தாளில் இருந்ததையே படித்துவிட்டு இறங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

பதினாறு வயதில் நீ ஆற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து கொடுத்தாய். "பயமில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி அந்தக் கோடை முழுக்க அங்கே நீந்தினாய். கையெல்லாம் தடித்து நீ அழுதபோது வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்தப் பாட்டில் தண்ணீரில் இருந்த நச்சின் நிஜ அளவை என் நோட்டில் நீயே கண்டுபிடித்த நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. நீ செய்தது சரிதான்.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். எல்லாம் நான் எடுத்த அளவுகள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். என்னைக் கேட்காதே. கேட்டால் மறுபடி மழுப்புவேன். என் லட்சணம் நீ அறியாததா?

நல்லபடியாகப் பெற்றெடு, தாயே. தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு அம்மா அங்கே புறப்படும்போது என்னையும் வரச் சொல்வாயா? எனக்கு நாற்காலி போட வேண்டாம். வாசலில் நின்றபடியே குழந்தையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா